கீரை கறுத்தால், பருப்பு வேகாவிட்டால்: அடுப்படிப் பிழைகளும் சரிசெய்யும் வழிகளும்

கீரைச் சமையலில் ஏதாவது தப்பாகிவிட்டால் உடனே கை போவது அஞ்சறைப்பெட்டிப் பக்கம்தான். கசந்தால் வெல்லம், நீர்த்துப்போனால் மாவு, நிறம் போனால் சோடா என்று எதையாவது கூடுதலாகப் போட்டுச் சமாளிக்கப் பார்ப்போம். ஆனால் கோளாறு அநேகமாகப் பொருளில் இருக்காது. எதை எப்போது போட்டோம், மூடி வைத்தோமா திறந்து வைத்தோமா, சட்டியில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதில்தான் இருக்கும். கண்ணுக்கும் நாக்குக்கும் தெரிகிற அறிகுறியைக் கீழே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் சட்டியில் நடப்பது எதுவோ நேரே அங்கே போய்விடலாம். பருப்பு, மோர்க்குழம்பு, வெண்டைக்காய் எல்லாம் இடையில் தலைகாட்டும்; அவற்றின் கோளாறுகளும் இதே வழியில்தான் வருகின்றன.

பச்சையாக இருந்த கீரை பழுப்பாகிவிட்டது

கொதிக்கிற தண்ணீரில் கீரையைப் போட்டதும் நிறம் முன்னைவிடப் பளிச்சென்று ஆவதைக் கவனித்திருப்பீர்கள். இலைக்குள் அடைபட்டிருந்த காற்று வெளியேறுவதால் வருகிற பளபளப்பு அது. அடுப்பை விட்டு நகர்ந்து, ஒரு போன் பேசிவிட்டு வந்தால் அதே கீரை பாசி படிந்த மாதிரி மங்கிக் கிடக்கும். இலைக்குப் பச்சை நிறம் தருகிற பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. சூடும் அமிலமும் சேர்ந்தால் அது கழன்றுவிடும். மிஞ்சுவது அந்தப் பழுப்புதான்.

புளியும் போடவில்லை, தக்காளியும் போடவில்லை, அமிலம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். கீரையிலேயே இருக்கிறது. திறந்த சட்டியில் அதில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். மூடி போட்டால் ஆவி மூடியில் பட்டு, சொட்டி, திரும்பச் சட்டிக்கே வரும். கீரையை மூடாமல் வேகவை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

அகலமான சட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டுக் கீரைக்கு அரை டம்ளர் தண்ணீர் போதும். அது நன்றாகக் கொதித்த பிறகு கீரையைப் போட்டு, மூடாமல், தீயைக் கூட்டி வையுங்கள். இளசான சிறுகீரைக்கும் முளைக்கீரைக்கும் ஐந்து நிமிடத்திலிருந்து எட்டு நிமிடம் போதும். தண்டை அழுத்தினால் நசுங்க வேண்டும், அவ்வளவுதான். தக்காளியும் புளியும் சேர்க்கிற கடைசல் என்றால் அவற்றைத் தனியாக வதக்கி வைத்துக்கொண்டு, கடையும்போது சேருங்கள்.

சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் நிறம் நிற்கும், உண்மைதான். கூடவே இலை கொழகொழவென்று ஆகும், வைட்டமின் சி-யும் தயாமினும் குறையும். பந்தியில் நூறு பேருக்குப் போடுகிற இடத்தில் என்ன செய்கிறார்களோ, வீட்டில் இது தேவையில்லை என்பது என் கட்சி. சர்க்கரை ஒரு சிட்டிகை போடுவார்கள் சிலர். அது அமிலத்தை ஒன்றும் செய்யாது. ருசிக்குப் பிடித்திருந்தால் போடுங்கள், நிறத்துக்காக வேண்டாம்.

ஏற்கெனவே பழுத்துவிட்டது என்றால் பச்சை திரும்பாது. அன்றைக்கு அதைப் புளிக் கடைசலாக்கிவிடுங்கள். வரமிளகாய், பூண்டு, கொஞ்சம் புளி என்று போனால் அந்த நிறமே பொருத்தமாக இருக்கும்.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. புளிச்சகீரையில் அமிலம் மிக அதிகம். சட்டி சூடானதுமே அது பழுக்கும், எப்படிச் செய்தாலும் பழுக்கும். அதில் பச்சை நிறத்துக்காகப் போராடுவது வீண். அதை அலுமினியப் பாத்திரத்தில் செய்யாமல் இருந்தால் சரி. இன்னொன்று இரும்புச் சட்டி. கீரை பழுப்பாக இல்லாமல் மையாகக் கறுத்துப்போனால் குற்றவாளி சட்டிதான். மண்சட்டிக்கோ எவர்சில்வருக்கோ மாறிவிடுங்கள்.

வாயில் மணல் நெறுநெறுக்கிறது

தண்ணீர் குறைவாக எடுத்ததாலோ, கீரையை வடிதட்டில் போட்டு மேலே தண்ணீரைத் திறந்துவிட்டதாலோ வருவது. பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் பிடித்து, கீரையை அமுக்கி அலசி, இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். மண் அடியில் இறங்கும். அப்புறம் கீரையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் முழுக்கக் கீரை மேலேயே திரும்பக் கொட்டும். அடியில் துகள் தெரியாத வரை இதையே திரும்பச் செய்யுங்கள். கழுவிய பிறகுதான் நறுக்குவது. நறுக்கிவிட்டுக் கழுவினால் தண்ணீரில் கரைகிற சத்து மண்ணோடு சேர்ந்து சாக்கடைக்குப் போகும்.

வேகவைத்த பிறகு நெறுநெறுப்பு தெரிந்தால் கடையாமல் தண்ணீர் ஊற்றித் தெளியவைத்து மேலாக அள்ளிப் பார்க்கலாம். கடைந்துவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

பல் கூசுகிறது, மாவு ஒட்டின மாதிரி இருக்கிறது

இது மணல் இல்லை. பாலக், பசலை, தண்டுக்கீரை மாதிரி ஆக்சாலிக் அமிலம் கூடுதலாக உள்ள கீரைகளில் வருவது. அந்த அமிலம் எச்சிலில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து பல்லின் மேல் சொரசொரப்பாகப் படியும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால் கணிசமாகக் குறையும். கீரை வெந்த தண்ணீரில்தான் சத்து என்று ரசத்துக்கு எடுத்து வைக்கிற பழக்கம் நல்லதுதான், ஆனால் பாலக்குக்கு அது வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் வீட்டில் இருந்தால் கண்டிப்பாக வடித்துவிடுங்கள், எந்தக் கீரை எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தயிர், பால், பனீர் சேர்த்துச் சாப்பிட்டால் அதிலுள்ள கால்சியம் ஆக்சாலிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். கீரைச் சாதத்துக்குத் தயிர்ப் பச்சடி பொருந்துவதற்கு நாக்கு மட்டும் காரணம் இல்லை.

சேனையும் சேப்பங்கிழங்கும் தொண்டையை அரிப்பதற்கும் இதே குடும்பத்துப் பொருள்தான் காரணம், அங்கே அது ஊசி ஊசியான படிகமாக இருக்கிறது. புளித் தண்ணீரில் வேகவைத்து வடிப்பதும், நறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவுவதும் அதற்கான வழி.

முருங்கைக்கீரைப் பொரியல் உருண்டை உருண்டையாகச் சேர்ந்துவிட்டது

இந்தக் கீரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில் கெட்டிக்காரக் கீரை. ஈரத்தோடு வாணலியில் போட்டு, அகன்ற கரண்டியால் புரட்டினால், கரண்டிக்கு அடியில் சிக்கியதெல்லாம் அமுங்கிப் பந்தாகிவிடும். வெளியே காய்ந்து உள்ளே வேகாத பந்து. அதைக் கடித்தால் கசப்பு.

வேலை வாணலிக்கு முன்பே தொடங்குகிறது. முந்தின நாள் இரவே கொத்துகளைத் துணியிலோ செய்தித்தாளிலோ சுற்றி வைத்தால் காலையில் உதறும்போது இலைகள் தாமாகவே உதிரும், ஆய்கிற வேலை பாதியாகக் குறையும். நரம்புக் காம்புகளை விடாமல் பொறுக்கிவிடுங்கள். முக்கால்வாசிச் சிக்கல் அந்தக் காம்புகளைச் சுற்றித்தான் நடக்கிறது. கழுவிய பின் துணியில் பரப்பி ஈரம் போகவிடுங்கள்.

வாணலியில் கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம் தாளித்து வதங்கிய பிறகு கீரையை மொத்தமாகக் கொட்டாமல் கைப்பிடி கைப்பிடியாகத் தூவுங்கள். கரண்டியைத் தலைகீழாகப் பிடித்து அதன் காம்பால் கிளறுங்கள். காம்பு கீரைக்குள் புகுந்து பிரித்துவிடும், அமுக்காது. மேலே தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்ற வேண்டாம். மூடவும் வேண்டாம். முக்கால் வேக்காட்டில் உப்பு, இறக்கும்போது தேங்காய்த் துருவல். தேங்காய் ருசிக்கு மட்டும் இல்லை, இலைகளுக்கு நடுவே புகுந்து ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளும். வேகவைத்த பாசிப்பருப்பைக் குழையாமல் மலர்ந்த பதத்தில் எடுத்துச் சேர்த்தாலும் அதே வேலை நடக்கும்.

பந்து பிடித்துவிட்டதா? தீயை அணைத்து, கை பொறுக்கும் சூடு வந்ததும் விரலால் உதிர்த்து, தேங்காய் சேர்த்து மறுபடி இரண்டு நிமிடம் அடுப்பில் வையுங்கள். கரண்டியால் குத்திப் பிரிக்கப் பார்த்தால் கூழாகும்.

கசக்கிறது

எந்தக் கீரை என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். சிறுகீரை, அரைக்கீரை கசந்தால் அது முற்றிப்போன கீரை, அல்லது தாளிப்பில் வெந்தயமோ பூண்டோ கருகியிருக்கிறது. பூ விட்ட கீரையைக் கடையில் ஒதுக்கிவிடுவது நல்லது. தண்டை ஒடித்துப் பாருங்கள், டக்கென்று ஒடிந்தால் இளசு, நார் இழுத்தால் முற்றல்.

அகத்தி, மணத்தக்காளி, வெந்தயக்கீரை எல்லாம் இயல்பிலேயே கசப்பவை. அதை முழுக்க ஒழிக்க நினைத்தால் கீரையே மிஞ்சாது. ஏகாதசி விரதம் இருந்தவர்கள் துவாதசிக் காலையில் அகத்தியைத் தேடி வாங்கிச் சாப்பிடுவது அந்தக் கசப்போடுதான். கசப்பை அடக்கத்தான் முடியும். அகத்தியையும் மணத்தக்காளியையும் அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் வேகவைத்து, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்கினால் தண்ணிச்சாறாகக் குடிக்கவே செய்யலாம். தேங்காய்ப்பாலின் கொழுப்பு நாக்கில் கசப்பு உறைப்பதைக் குறைக்கும். சின்ன வெங்காயத்தைக் கீரைக்குச் சரிபாதி போட்டாலும் தப்பில்லை.

வெந்தயக்கீரைக்கு வேறு வழி. நறுக்கி, கொஞ்சம் உப்புப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, வருகிற நீரை லேசாகப் பிழிந்துவிடுங்கள். குழம்பில் போடுவதற்கு முன் எண்ணெயில் வாசனை வரும் வரை வதக்கிவிட்டால் சாம்பாரில் கசப்புத் தெரியாது. பிழிந்த கீரையில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

கீரையில் உப்புக் கரித்துவிட்டது

மலைபோல் தெரிந்த கீரை வெந்ததும் கைப்பிடியாகச் சுருங்கும். மலையைப் பார்த்து உப்புப் போட்டால் இப்படித்தான். வெந்து சுருங்கிய பிறகு, கடையும்போது போடுங்கள். கரித்துவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். அது உப்பை மட்டும் தனியாக இழுக்காது, உப்புத் தண்ணீரைத்தான் குடிக்கும். உப்பில்லாமல் வேகவைத்த பாசிப்பருப்பைச் சேர்த்துக் கீரைக் கூட்டாக்கிவிடுவது நேர்வழி. அளவு கூடும், உப்பு பரவிவிடும்.

கடைந்த கீரை நீர்த்து ஓடுகிறது

பச்சைக் கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், அதற்கு மேல் நாம் ஊற்றுவது வெறும் தொடக்கத்துக்குத்தான். கடைவதற்கு முன்பே தண்ணீரை வடித்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், கடைந்த பிறகு வேண்டிய அளவு திரும்பச் சேர்க்கலாம். கடைந்துவிட்டு முழிப்பவர்கள் ஒரு டீஸ்பூன் அரிசிமாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஒரு கொதி விடலாம்.

மிக்ஸியில் ஓடவிட்டுப் பசையாகிவிட்டது என்றால் மீட்பு இல்லை, அடுத்த முறை மத்து. மண்சட்டியின் உட்புறச் சொரசொரப்பில் மத்து உரசும்போது இலை நசுங்கும், நூலாக அறுபடாது. மிக்ஸிதான் என்றால் ஆறவைத்து, விட்டுவிட்டு இரண்டு சுற்று. சூடாகப் போட்டு மூடினால் ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும். சுவரைத் துடைப்பது ஒரு பக்கம், கையும் முகமும் வெந்துவிடும்.

பருப்பு வேகவே இல்லை

ஆறு விசில் விட்டும் துவரம்பருப்பு முழுசாக மிதக்கிறது என்றால் குக்கரைத் திட்டாதீர்கள். வரிசையாகப் பாருங்கள்.

முதலில் தண்ணீர். போர்த் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்சுவரைப் பிடித்து இறுக்கிவிடும். சோதிப்பது எளிது. ஒரே பருப்பை இரண்டு கிண்ணத்தில், ஒன்றில் போர்த் தண்ணீரும் இன்னொன்றில் கேன் தண்ணீரும் ஊற்றி, ஒரே குக்கருக்குள் வைத்து எடுங்கள். வித்தியாசம் கையிலேயே தெரிந்தால் பருப்புக்கு மட்டும் இனி கேன் தண்ணீர்.

இரண்டு கிண்ணமும் வேகவில்லை என்றால் பருப்பு பழசு. வெக்கையிலும் ஈரத்திலும் நாள்பட இருந்த பருப்பு வேக மறுக்கும். ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் சாம்பாரை விட்டுவிட்டு அதை வடை, அடைக்கு ஊறப்போட்டு அரைத்துவிடலாம்.

இரண்டும் நன்றாக வெந்தது, ஆனால் நேற்று மட்டும் வேகவில்லை என்றால் நேற்றுத் தக்காளியோ புளியோ சேர்த்து வைத்திருப்பீர்கள். புளிப்பு சேர்ந்தால் பருப்பும் சரி காயும் சரி அதற்கு மேல் குழையாது. புளிக்குழம்பில் கத்தரிக்காய் அரைவேக்காட்டிலேயே நின்றுவிடுவதற்கும் அதுதான் காரணம். காயை வதக்கி முக்கால்வாசி வேகவிட்டு அப்புறம் புளியை ஊற்ற வேண்டும். உப்பு மேல் பழி போடுவார்கள், உப்பு அவ்வளவு பெரிய எதிரி இல்லை.

கீரையையும் பருப்பையும் ஒன்றாகக் குக்கரில் வைக்கிற அவசரக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குக்கருக்குள் சூடு சுமார் 120 டிகிரி வரை போகும். பருப்பு மலர்வதற்குள் கீரை பழுத்துவிடும். பாசிப்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, மலர்ந்ததும் கீரையைப் போட்டால் குக்கரே வேண்டாம்.

மோர்க்குழம்பு திரிந்து தண்ணீர் தனி, தயிர் தனி

கொதித்துவிட்டது, வேறு ஒன்றும் இல்லை. தயிர்ப் புரதம் சூட்டில் சுருங்கித் திரளாமல் இருக்க மாவுச்சத்து துணை வேண்டும். ஊறவைத்த அரிசியும் துவரம்பருப்பும் தேங்காய், பச்சைமிளகாயோடு அரைபடுவது அதற்காகத்தான். தயிரை மட்டும் தனியே கடைந்து, அரைத்ததைக் கலந்து, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்குங்கள். பசலைத்தண்டு மோர்க்குழம்பு, முளைக்கீரைத்தண்டு மோர்க்கூட்டு எதுவானாலும் தண்டைத் தனியாக வேகவைத்து, தண்ணீரை வற்றவிட்ட பிறகே மோர் சேரும். ரசமும் அப்படித்தான், பருப்புத் தண்ணீர் ஊற்றிய பிறகு பொங்கி வரும்போது அணைக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் மிளகு சீரக வாசனை சமையலறைக்குப் போய்விடும், கிண்ணத்தில் இருக்காது.

வழவழவென்று நூல் விடுகிறது

வெண்டைக்காய், கொடிப்பசலை, பருப்புக்கீரை. மூன்றிலும் இருப்பது தண்ணீர் பட்டால் இழுக்கிற பசை. வெண்டைக்காயைக் கழுவித் துடைத்துக் காயவிட்டு நறுக்கி, அகன்ற வாணலியில் மூடாமல் வதக்கி, உப்பைக் கடைசியில் போடுங்கள். கீரைகளுக்குப் புளிதான் மருந்து. நிறத்துக்காகப் புளியைத் தள்ளிவைத்த அதே அடுப்பில் இங்கே புளியைக் கொஞ்சம் முன்கூட்டியே ஊற்ற வேண்டியிருக்கிறது. கொடிப்பசலையில் நிறம், வழவழப்பு இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்ய முடியாது. ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும்.

மதியக் கீரை சாயங்காலம் ஒரு மாதிரி வாடை அடிக்கிறது

யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். நைட்ரேட் நிறைந்த கீரை வெளியே கிடந்தால் கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றும், தேங்காய் சேர்த்திருந்தால் இன்னும் சீக்கிரம் கெடும். சித்திரை வெயிலில் மூன்று நான்கு மணி நேரம்கூடத் தாங்காது. இரவில் கீரை கூடாது என்ற பழைய சொல்லுக்கு, ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்து மதியக் கீரைதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மிச்சப்படும் என்று தெரிந்தால் தேங்காய் போடுவதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்து ஆறவைத்து உள்ளே வையுங்கள். மறுநாள் தேவையான அளவை மட்டும் சூடாக்குங்கள்.

கீரையை மாவில் கலந்தால் மாவு இளகுகிறது

கீரைச் சப்பாத்தி, கீரை வடை செய்து பார்க்கிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் இது. உப்புப் பட்டதும் இலை நீர் விடும். பிசைந்தபோது சரியாக இருந்த மாவு கால் மணி நேரத்தில் கையில் ஒட்டும். சப்பாத்திக்கு, பொடியாக நறுக்கிய கீரையில் உப்பைப் பிசறிப் பத்து நிமிடம் வைத்துவிட்டு, அந்த நீரோடே மாவைப் போட்டுப் பிசையுங்கள். தண்ணீர் தேவைப்பட்டால் கடைசியில் தெளித்தால் போதும்.

வடைக்கு நேர்மாறு. அரைத்த மாவில் கீரையையும் உப்பையும் எண்ணெய் காய்ந்த பிறகுதான் கலக்க வேண்டும், அதுவும் ஒரு ஈடுக்கு வேண்டிய அளவு மட்டும். மொத்தமாகக் கலந்து வைத்தால் முதல் ஈடு மொறுமொறுப்பாகவும் மூன்றாவது ஈடு எண்ணெய் குடித்துச் சொதசொதவென்றும் வரும். ஏற்கெனவே இளகிப்போன மாவாக இருந்தால் ஒரு கைப்பிடி அரிசிமாவும் கொஞ்சம் ரவையும் தூவிப் பத்து நிமிடம் விடுங்கள், ரவை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்கும் உருட்ட வரவில்லை என்றால் வடையை மறந்துவிட்டு, தோசைக்கல்லில் அடையாகத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு எண்ணெய் விடுங்கள்.